கடைசியில் குழல் மட்டும்

டோல் மேளம் அவருக்குக் கேட்கிறது. அதில் சம்பூர்ணத்துக்குச் சந்தேகமில்லை. ஜமுக்காளத்தைத் தாண்டி மணலில் நீண்டிருந்த வீட்டுக்காரருடைய வலது கால் கட்டைவிரல் அடிக்கு அடி ஆடிக்கொண்டிருந்தது. அடி நின்றால் நின்றது, விழுந்தால் மறுபடி ஆடியது. ஆனால் டோல் யாருக்குத்தான் கேட்காது, அதைக் காதா கேட்கிறது, உட்கார்ந்திருக்கிற மணலுக்குள் இறங்கி இடுப்பெலும்பு வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தல்லவா உட்காருகிறது, பிறவிச் செவிடனுக்கும் டோல் கேட்கும். குழல்தான் தெரியவில்லை. குழலுக்கு மனுசனிடத்தில் எது ஆடும்? தலை ஆடலாம், கண் சொக்கலாம், ஒன்றுமே ஆடாமலும் இருக்கலாம். இதோ பக்கத்தில் தம்பி செங்கோடன் கல் மாதிரி உட்கார்ந்து கேட்கிறான், அவனுக்குக் கேட்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எதிரே நெருப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தலைப்பாகைக்காரர் இரண்டு குழலை ஒரே வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் தவளைத் தொண்டை போல உப்பியது, வடிந்தது, ஆனால் சத்தம் எங்கேயும் அறவில்லை. இந்த ஆள் எப்போதுதான் மூச்சு விடுவார் என்று சம்பூர்ணத்துக்குத் தன் மூச்சே முட்டியது. இன்னொருத்தர் மூச்சுக்கும் சேர்த்து எனக்கு என்ன கவலை என்று நினைத்தாள். நினைத்தால் நின்றுவிடுமா. வீட்டில் தண்ணீர்த் தொட்டி மூடியைச் சாத்தினேனா என்ற கவலை திருச்செங்கோட்டில் பஸ் ஏறும்போது பிடித்தது, இத்தனை தூரம் கூடவே வந்து இந்த ராஜஸ்தான் மணலிலும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பொழுது இறங்கி வெகுநேரம் ஆகவில்லை. மணல்மேட்டின் உச்சியில் மட்டும் கொஞ்சம் செம்மை ஒட்டிக்கொண்டிருந்தது, கீழெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் போர் போடுகிற ரிக் வண்டி நின்றது, தூக்கிய கோபுரத்தை மடக்கிப் படுக்கவைத்துக்கொண்டு, நாளைக் காலைப் பயணத்துக்குத் தயாராக. நேற்று மத்தியானம் இந்த ஊரில் தண்ணீர் வந்துவிட்டது. சேறும் காற்றுமாக அது கிளம்பி வானத்துக்கு எழும்பியபோது பெண்கள் முக்காட்டைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அந்தச் சேற்றை நெற்றியில் அப்பிக்கொண்டார்கள், ஒரு கிழவர் லீவர் பிடித்து நின்ற அவளுடைய வீட்டுக்காரர் அர்த்தநாரியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்பூர்ணம் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அவர்கள் இனிக்கிறது என்றார்கள். இனிக்கட்டும், பாவம். அதற்குத்தான் இந்தப் பொழுதுக்கு ஊரே கூடிக் குழலும் டோலும் வைத்திருக்கிறது, ரிக்காரர்களுக்கு முன்வரிசையில் ஜமுக்காளம். பெண்கள் எல்லாரும் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வந்து, கை நிறைய வெள்ளை வளையல் குலுங்க, அங்கே வா என்று சம்பூர்ணத்தின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். போயிருக்கலாம். போனால் அவர் முகம் தெரியாது. இடுப்பு வலி என்று சைகையில் பொய் சொல்லி அவருக்கும் செங்கோடனுக்கும் நடுவில், மோர் கொண்டுவந்த பித்தளைச் சொம்பை மடியோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏக்கா, வந்ததுலருந்து மாமன் மூஞ்சியவே பாத்துட்டிருக்கற. புதுசாக் கண்ணாலம் ஆன மாதர” என்றான் செங்கோடன்.

அவனுக்கு அந்தப் பக்கம் சம்மணமிட்டிருந்த மேனேஜர் கொழந்தவேல் சிரித்தார். “அக்கா சமைக்கவா வந்துச்சு? மாமன் ஓடிப்போயிருவாருன்னு காவலுக்கு வந்திருக்குது.”

“எங்கீங்க ஓடறது, எக்கட்ட பாத்தாலும் மணலு. ஓடுனாலும் பொழுதோட சோத்துக்கு இங்கதான் வரோணும்” என்றான் செங்கோடன்.

“சும்மா கேளுங்கப்பா. அவங்க ஊதறாங்கல்ல” என்றாள் சம்பூர்ணம். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று தெரிந்து சிரித்தாரா? தெரியாமலா? அதுதான், அந்தச் சிரிப்புதான். முன்னெல்லாம் அவர் இப்படிச் சிரிக்கிறவர் இல்லை. ஒருவரி கேட்டால் இரண்டு வரி திருப்பிக் கொடுக்கிற ஆள். இப்போது எதைச் சொன்னாலும் ஆமாமா, எதற்கும் ஒரு சிரிப்பு. வயசாகி நல்லவராகிவிட்டார் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனில்தான் முதலில் பிடிபட்டது. சோறு தின்னீங்களா என்று கேட்டால் இங்க மழையே இல்ல என்பார். மகள் வந்திருக்கறா என்றால் சரி சரி பாத்துக்கலாம் என்பார். மணலுக்குள் டவர் கிடைக்காது, சத்தம் விட்டுவிட்டு வரும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். சமாதானம் என்பது அவளிடம் ஒரு ராத்திரி தங்காது. சமையலுக்கு இருந்த ஆள் காய்ச்சலில் ஊருக்குப் போன சமயம், நான் போறேன் என்று கிளம்பினாள். ரிக் வண்டிக்குப் பொம்பளையா என்று ஓனர் வீட்டில் முணுமுணுத்தார்கள். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, விசில் வந்தா அணைச்சுப் போடுங்க, நான் துணி அலசிட்டு வந்தர்றேன் என்று அவரிடம் சொல்லிப் போனாள். தண்ணீர் லாரிப் பக்கம் நின்ற அவளுக்கே குக்கர் கத்துவது கேட்டது. ஓடிவந்து பார்த்தால் அவர் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார், முகத்துக்கு நேரே நீராவி சீறுகிறது, பருப்பு கருகி வாடை வருகிறது. ஏனுங்க, விசில் கேக்கலையா என்றாள். அவர் அவளுடைய வாயைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். பிறகு, இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் போனது குக்கரை நினைத்து அல்ல. லீவரில் நின்று துளைக்குள் இரும்பு ராடை இறக்குகிறவருக்கு, ராடு பக்கம் நிற்கிறவனைத் தெரியாது. பூமிக்குள்ளிருந்து புழுதி கிளம்பிவிட்டால் நடுவில் சுவர் வைத்த மாதிரி. கம்ப்ரசர் போடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது. அதனால்தான் ராடு மாற்றுகிறவன் கழுத்தில் விசில் தொங்கும். கையை உள்ளே விடும்போது ஊதுவான், லீவர் நிற்க வேண்டும். எடுத்தபிறகு ஊதுவான், லீவர் இறங்கலாம். அந்த விசில் செங்கோடனுடைய கழுத்தில் தொங்குகிறது. இதற்கு முந்தின ஊரில் லீவர் நிற்கவில்லை. இரும்பு இறங்கி அவனுடைய இடது கைச் சுண்டுவிரலைத் தட்டையாக்கிவிட்டது. இப்போதும் அழுக்குத் துணி சுற்றியிருக்கிறான், டோலடிக்கு அந்தக் கையால்தான் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறான், வலிக்காதா, வலித்தாலும் சொல்ல மாட்டான். நீ ஊதவேயில்லையேடா, ஊதாம ஏன்டா கைய உட்ட என்று அவர் அன்றைக்கு அவனைத் தலையில் அடிக்காத குறையாகத் திட்டினாராம். அவன் நம்பிவிட்டான். ஊதுனேன்னுதான்க்கா நெனைக்கிறேன், ஆனா மாமன் இல்லீங்கறாரே, தூக்கக் கலக்கத்துல மறந்திருப்பனாட்டிருக்குது என்று அவளிடம் சொன்னான். மாமன் சொன்னால் சூரியன் வடக்கே உதிக்கும் அவனுக்கு. வேலை கற்றுக்கொடுத்தவர், மீசை முளைக்காத காலத்திலிருந்து கூட வைத்துக்கொண்டவர். அவன் ஊதினானா, ஊதவில்லையா? அவர் பொய் சொன்னாரா? கேட்காதவன் ஊதவில்லை என்று சொன்னால் அது பொய்யா? இந்த இடத்தில்தான் அவள் நினைப்பு எப்போதும் வந்து முள்ளில் சேலை மாட்டின மாதிரி நிற்கும். இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது.

டோல்காரர் இரண்டு பேரும் எழுந்து ஒருவரை ஒருவர் சுற்றிவந்து அடித்தார்கள். குழந்தைகள் கூவினார்கள். குழல் அவர்கள் காலுக்கிடையில் புகுந்து புகுந்து ஓடுகிற ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது, ஒருசமயம் கீழே, ஒருசமயம் எட்டாத மேட்டில். அது மேலே ஏறுகிறபோதெல்லாம் செங்கோடனுடைய புருவம் தன்னையறியாமல் ஏறியது, மேனேஜருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் உச்சுக் கொட்டல் வந்தது. அவர் முகம் மட்டும் பூட்டின கதவு. கால்விரலோ டோலோடு ஆடிக்கொண்டேயிருந்தது. இல்லை, இதை வைத்துச் சொல்லக்கூடாது. அவருக்குப் பாட்டே பிடிக்காது. நோம்பியில் நாதசுரம் வாசிக்கும்போதும் தேங்காய்ப் பழத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று யாரிடமாவது மாட்டு விலை பேசிக்கொண்டிருப்பார். பிடிக்காதவருக்கு முகம் ஏன் மாற வேண்டும்? நல்ல காதை நான்தான் பார்த்துப் பார்த்துச் செவிடாக்குகிறேன். பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை வருசம் சொன்னாள், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், காதில் பஞ்சு வையுங்கள் என்று. பிள்ளை பெத்தவளாடி நான், காதுல பஞ்சு வெச்சுட்டுத் திரியறதுக்கு என்று சிரித்தார். மற்ற டிரில்லர்களும் சிரித்திருப்பார்கள். இப்போது லீவரை விட்டு இறக்கிவிட்டால் இந்த மனுசன் என்ன ஆவார்? வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது எதையாவது கேட்க, வேறு எதையாவது சொல்வார். பிள்ளைகள் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு ஓடும். எங்கே போனாலும் அர்த்தநாரி அண்ணன் லீவர் பிடிச்சாத் தண்ணிதான் என்று பேர் வாங்கியவர். நேற்று அந்தக் கிழவர் கையைக் கண்ணில் ஒற்றியபோது இவர் கண்ணும் கலங்கியது. அந்தக் கையை நானா வெட்டுவேன். ஆனால் செங்கோடனுக்கு இருப்பது விரல் மட்டுமா? விரலோடு போனது. நாளைக்கு முழங்கை, நாளன்றைக்குத் தலை. இரும்புக்கு என்ன தெரியும்.

செங்கோடன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா போய்விட்டாள். சம்பூர்ணம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் இரக்கப்பட்டு வாசலோரம் உட்காரவிட்டாள். அவன் சிணுங்கினால் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் ஆட்ட வேண்டும், அடங்கினால் உள்ளே வர வேண்டும். உள்ளே வரும்போது கணக்கு எங்கேயோ போயிருக்கும். அஞ்சாவதோடு நின்றது அப்படித்தான், யாரும் நிறுத்தவில்லை, வெளியிலேயே இருந்து பழகிவிட்டது. படித்த பாடம் ஒன்றும் நினைவில்லை. அவன் சிணுங்கப் போகிறான் என்பது மட்டும் அவளுக்குச் சிணுங்குவதற்கு முன்னாலேயே தெரியும், தூக்கத்திலும் தெரியும், இன்றைக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் பக்கத்தில் இருந்துகொண்டு, அவன் விசிலை வாயில் வைத்து ஊதுவான், அதைக் கேட்க வேண்டிய காது கேட்காது, தெரிந்துகொண்டே நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நேற்றுக் கையைக் கண்ணில் ஒற்றிய கிழவர் குனிந்து செங்கோடனிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அவன் இந்தி பழகியவன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான். “இனிமே கடைசியாமுங்க. டோலைக் கவுத்து வெச்சுருவாங்களாம். கொழல்காரரு மட்டும் எந்திரிச்சு நம்ம போரு பக்கம் ஊதிட்டே போவாராம். தண்ணி தேடிப் போயி வழியிலயே செத்தவங்களுக்காம். அவங்களுக்குத் தண்ணி வந்துருச்சுன்னு சொல்லோணுமல்ல. அது நிக்கற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, எந்திரிக்கக்கூடாது, இருமக்கூடக் கூடாதாம். மாமா, கேட்டுதுங்ளா?”

“ஆமாமா” என்றார் அவர், நெருப்பைப் பார்த்தபடி.

சொல்லிவிட வேண்டும், அவர் கையைப் பிடித்து வாயைப் பார்க்கவைத்து மறுபடி சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை அவர் பக்கம் பாதி போனது. அங்கேயே நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நெருப்பைப் பார்த்தாள். தெரிந்துகொண்டுவிட்டால் இந்த முள் இன்றோடு போகும். ஐயோ, கட்டின புருசனை இத்தனை பேர் நடுவில் சோதித்துப் பார்க்கிறேனா? இல்லை, கேட்டிருக்கும், ஆமாமா என்றாரே. டோல் உச்சத்துக்குப் போயிற்று. மணல் அதிர்ந்தது, கட்டைவிரல் துள்ளியது, பெண்கள் பக்கமிருந்து குலவை போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. டக்கென்று எல்லாம் நின்றது. இரண்டு டோல்காரரும் முழந்தாளிட்டு டோலை முகங்கவிழ மணலில் வைத்தார்கள். குழல்காரர் ஊதிக்கொண்டே எழுந்தார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார், நெருப்பின் வெளிச்சத்தைவிட்டு இருட்டுக்குள் நடந்தார். வெள்ளைத் தலைப்பாகை கொஞ்சதூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. குழல் மட்டும் மெலிந்து, ஒற்றை இழையாக, அறுந்துவிடுமோ அறுந்துவிடுமோ என்று போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தைகளின் வாயில் தாய்மார் விரலைக் கொடுத்தார்கள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அர்த்தநாரி இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. வேறு யாரும் தட்டவில்லை. “பலே! முடிஞ்சுதல்ல? எந்திரிங்கப்பா, சோறு ஆறுது. காத்தால வெசையாக் கெளம்போணும்” என்றார், கம்ப்ரசருக்கு மேலே பேசிப் பழகின குரலில். முழங்காலில் கையை ஊன்றி எழுந்து பாதி நின்றுவிட்டார். ஊர் முழுக்கத் திரும்பியது. கிழவர் கண்ணைத் திறந்தார். செங்கோடன் வாயைத் திறந்து மாமனைப் பார்த்தான், பிறகு இருட்டில் குழல் போகிற திசையைப் பார்த்தான், மறுபடி மாமனைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வருவதைச் சம்பூர்ணம் கண்டாள். அது முழுதாக எழுந்து நிற்பதற்குள் அவள் கால் சொம்பை எட்டித் தள்ளிவிட்டது. தள்ள வேண்டுமென்று நினைக்கக்கூட இல்லை. பித்தளை நெருப்போரக் கல்லில் மோதி உருண்டது, மோர் ஜமுக்காளத்தில் பரவியது. “ஐயோ என்ற கெரகமே! நாந்தானுங்க முடிஞ்சுருச்சுன்னு இவரை எழுப்பிப்போட்டேன்!” என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சிரிப்பும் வெட்கமுமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர்களுக்குத் தமிழ் புரியாது, ஆனால் மோரைச் சிந்தின பெண்பிள்ளை புரியும். யாரோ மூக்கால் சிரித்தார்கள். கிழவர் கையமர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். “நல்ல சோடி” என்று மேனேஜர் தொண்டைக்குள் குலுங்கினார். செங்கோடன் மூச்சை விட்டான். அவன் முகத்தில் எழுந்து வந்தது திரும்பி உட்கார்ந்துவிட்டது. அப்பாடா என்று அவன் பல்லைக் காட்டினான். மாமன் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று எவ்வளவு சந்தோசம் அவனுக்கு. அக்கா சொல்லிவிட்டாளே.

அர்த்தநாரி உட்கார்ந்துவிட்டார். நெருப்பு அவர் பக்கம் வெளிச்சம் அடித்தது. கழுத்து வேர்த்திருந்தது, இந்தக் குளிரில். அவர் அவளைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். பிறகு இரண்டு கையின் விரலையும் உதட்டருகே கொண்டுபோய்க் குழல் பிடிக்கிற மாதிரி வைத்து, புருவத்தை உயர்த்தினார். இன்னும் ஊதுகிறாரா?

அவள் தலையசைத்தாள். ஊதுகிறார்.

அவரும் தலையசைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. இனிமேல் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவரே சொல்லிவிடுவார், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது, என்னால முடியலைன்னு மேனேஜரிடம் அவரே சொல்லிவிடுவார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கப் பார்த்தது. அப்போதுதான் அவர் முகத்தை இருட்டுப் பக்கம் திருப்பினார். குழல் எந்தத் திசையில் போயிருக்கிறது என்று மற்றவர்கள் பார்வையை வைத்துக் கண்டுபிடித்து அந்தத் திசைக்கே திருப்பினார். கண்ணை லேசாகச் சொக்கவிட்டார். தலையை மெல்ல, மிக மெல்ல, ஆட்டத் தொடங்கினார். மேனேஜர் எட்டிப் பார்த்து, பாரு உங்க மாமனை என்று செங்கோடனுக்குக் கண் காட்டினார். செங்கோடன் பெருமையாகச் சிரித்தான். அவ்வளவு நன்றாக ஆட்டினார். தெரிந்த அவளுக்கே ஒரு நொடி, கேட்கிறதோ என்று பட்டது. பொய் சொல்கிற மனுசனாக இருந்திருந்தால் பயமில்லை. இவர் நாளைக்கும் இப்படித்தான் நிற்பார், லீவரில் கையை வைத்துக்கொண்டு, புழுதிக்குள் கேட்காத விசிலுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, கேட்டுவிட்டதென்று தானே நம்பிக்கொண்டு.

அவருக்காகக் குரலைத் தாழ்த்தத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். அவருடைய முழங்கை அவள் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது. திருப்பிக்கொண்டு, மேனேஜருக்கு எட்டாமல் தம்பியின் காதோரம் குனிந்தாள்.

“செங்கோடா.”

அவன் உதட்டில் விரலை வைத்தான். பேசக்கூடாதுக்கா.

“அன்னைக்கு நீ ஊதுனடா” என்றாள். “நல்லாத்தான் ஊதுன. மறக்கல.”

“எதைக்கா?”

“விசில. உன்ற மாமனுக்குத்தான் கேக்கல. இதும் கேக்கல, இப்ப ஊதறதும். நாஞ் சிந்துனது சும்மா.” அவனுடைய துணி சுற்றின விரலைப் பார்த்துச் சொன்னாள். “நாளைக்கு அவரு லீவர்ல நின்னா நீ கைய உடாத. மேனேஜர்கிட்டச் சொல்லிரு. நீயே சொல்லு சாமி, என்னால ஆவாது.”

செங்கோடன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் நெருப்பு இரண்டு பொட்டாகத் தெரிந்தது, பொட்டு நடுங்கியது. அவள் திரும்பவில்லை. தூரத்தில் குழல் ஒரு தரம் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றுபோயிற்று. யாரும் இன்னும் அசையவில்லை. அவள் முழங்கையில் உரசிக்கொண்டிருந்த முழங்கை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.